நாலாம் எண்ணை நீக்கலாம்

எங்கள் அலுவலகத்தில் ஏழு பேர் இருந்தோம். மெயில் பெட்டி ஒன்றுதான். ராயபுரத்தில் இரும்புச் சாமான் கடை ஒன்றின் மேலே, முதல் மாடியில், கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி அது. வெளிநாட்டுக் கப்பல் கம்பெனிகள் இத்தனை பேர் வேண்டும் என்று கேட்பார்கள். பதிந்து வைத்திருக்கும் ஆட்களிலிருந்து நாங்கள் அனுப்புவோம். கேட்பதும் பதில் சொல்வதும் முன்பெல்லாம் ஃபேக்ஸில் நடந்ததாம். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தபோது நான் சேர்ந்தேன். அதற்குள் எல்லாம் மெயிலுக்கு மாறியிருந்தது.

என் வேலைக்குப் பெயர் கிடையாது. கம்ப்யூட்டரில் டிப்ளமோ முடித்தவள் என்பதால் அது சம்பந்தப்பட்ட சகலமும் என் தலையில் விழுந்தது. பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் என்னைக் கூப்பிடுவார்கள், ஃபேன் சுற்றாவிட்டாலும் என்னைக் கூப்பிடுவார்கள். ஃபேனும் கரண்டில்தானே ஓடுகிறது என்பது அவர்கள் நியாயம்.

வேறு நல்ல இடம் ஒன்று கிடைத்தும் நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் அண்ணன். எங்கள் வீடு திருவொற்றியூர் குப்பத்தில் இருந்தது. அண்ணன் கப்பலில் மாலுமி வேலைக்கான பயிற்சியை முடித்து, கப்பலேறுகிறவர்களுக்குச் சர்க்கார் கொடுக்கும் சி.டி.சி. புத்தகமும் வாங்கி, எங்கள் ஏஜென்சியில் பெயரைப் பதிந்துவிட்டு இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தான். காத்திருந்த காலமெல்லாம் காசிமேட்டில் விசைப்படகில் கூலிக்குப் போனான். அவன் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அம்மாவின் பெட்டிக்குள் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தோம். அதில் ஒரு பக்கத்தில்கூட முத்திரை விழவில்லை.

முதல் கப்பல் கிடைப்பதுதான் கஷ்டம். ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டால், அந்தக் கடல் அனுபவத்தைக் காட்டி அடுத்த கப்பல், அதற்கடுத்த கப்பல் என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் முதல் தடவை ஏறுகிறவனுக்கு எங்களிடம் ஆள் கேட்கும் கம்பெனிகள் ஒரு வயது வரம்பு வைத்திருந்தன. அண்ணனுக்கு அது அந்த வருடம் ஆவணியோடு முடிந்துவிடும். நான் சொல்லப்போவது ஆனி மாதத்தில் நடந்தது.

படகிலிருந்து கரைக்கு வந்த நாட்களில், நான் வேலையிலிருந்து திரும்பி வாசலில் செருப்பை விடும்போதே கேட்பான்.

"இன்னா பாப்பா, எதுனா வந்துச்சா?"

"இன்னும் வர்லண்ணா."

"சரி, சரி. வரும்." எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி சொல்வான். ஆறுதல் யாருக்குத் தேவை என்பதே அவனுக்குத் தெரியாது.

இனி அந்த மெயில் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் ஐந்து கம்ப்யூட்டர், ஒரே டெலிபோன் லைன். லைனை ஒரு கம்ப்யூட்டரில் சொருகி, மற்ற நாலும் அதன் வழியாக வெளியே போகும்படி வைத்திருந்தார்கள். நடுவில் இருந்த அந்தக் கம்ப்யூட்டரில் ஓடிய புரோகிராமுக்குப் பிராக்ஸி என்று பெயர். நாங்கள் சொல்வதை அது வாங்கி, அமெரிக்காவில் எங்கேயோ இருந்த மெயில் சர்வரிடம் சொல்லும். சர்வர் சொல்வதை வாங்கி எங்களிடம் கொடுக்கும். வந்த கடிதத்தை யார் முதலில் இறக்குகிறாரோ அவர் அதை அச்சடித்து, ஒரு பெரிய ரிஜிஸ்டரில் எண் போட்டு எழுதி, மேனேஜர் மேஜையில் வைக்க வேண்டும். மேனேஜருக்குத் திரையில் படிப்பது படிப்பே அல்ல. எந்த மெயிலையும் அவர் கையெழுத்து இல்லாமல் அழிக்கக் கூடாது என்றும் ஒரு சட்டம் இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் எதையோ அழித்துவிட்டுத்தான் வேலையை இழந்தார் என்று நான் சேர்ந்த முதல் நாளே டைப்பிஸ்ட் அக்கா என் காதில் போட்டுவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை மெயில் திறக்கவில்லை. பாஸ்வேர்ட் தவறு என்றது. பாஸ்வேர்ட் எல்லோருக்கும் ஒன்றுதான். அதைச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருந்தோம்.

"இன்னாடி இது, சனிக்கெளம வரிக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள் டைப்பிஸ்ட் அக்கா. அவள் ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். கம்ப்யூட்டரைக் கண்டால் அவளுக்குக் கோபம் மட்டும்தான் வரும்.

கோபத்தில் அவள் பொத்தானை அழுத்தினாள். பக்கத்து மேஜைக்காரர் தன் கம்ப்யூட்டரில் அழுத்தினார். ஐந்து மேஜையிலும் மாறி மாறி அழுத்தினார்கள். சர்வருக்கு ஐந்து பேர் தெரியாது. பிராக்ஸியின் ஒரே முகம்தான் தெரியும். யாரோ ஒருவன் திரும்பத் திரும்பத் தப்பான சாவியைப் போடுகிறான் என்று நினைத்து, அரை மணி நேரத்துக்கு யாரையும் உள்ளே விடாமல் கதவைச் சாத்திவிட்டது. நான் எழுந்து நின்று கத்தினேன். ஒருத்தர்கூடப் பொத்தானைத் தொடக் கூடாது என்றேன். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. நான் கத்தியதில் அவர்களுக்குக் கோபம் வந்ததைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

மெயில் சர்வர் கம்பெனிக்குப் போன் போட்டேன். எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, உங்கள் பிராக்ஸியைப் பாருங்கள் என்றார்கள். பிராக்ஸி விற்றவருக்குப் போன் போட்டேன். எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, சர்வர்காரனைக் கேளுங்கள் என்றார். இரண்டு பக்கமும் சரி என்றால் தப்பு என் பக்கம்தான் இருக்க வேண்டும். திங்கள் முழுக்கவும் செவ்வாய் பாதியும் அப்படியே போயிற்று. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, நெத்திலி வறுவலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சாப்பிடத் தோன்றவில்லை.

கம்பெனிகளுக்கு ஒரு வார்த்தை ஃபேக்ஸ் அனுப்பி, மெயில் வேலை செய்யவில்லை, அவசரம் என்றால் ஃபேக்ஸில் சொல்லுங்கள் என்று சொல்லிவிடலாமா என்று மேனேஜரைக் கேட்டேன்.

"அதெல்லாம் வேண்டாம்மா. மெட்ராஸ்காரனுக்கு மெயில்கூட பார்க்கத் தெரியலைன்னு நினைப்பான். அப்புறம் கதை கந்தல்தான். நீ சீக்கிரம் சரி பண்ணு" என்றார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு வழி தெரிந்தது. பிராக்ஸியை விட்டுவிட்டு, நடுவில் இருந்த கம்ப்யூட்டரிலிருந்து நேரடியாகச் சர்வரைப் பிடித்து, கட்டளைகளைக் கையாலேயே தட்டலாம் என்று கல்லூரியில் எப்போதோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கறுப்புத் திரை வரும். பெயரைச் சொல் என்றால் சொல்ல வேண்டும். பாஸ்வேர்டைச் சொன்னால், பிடித்திருந்தால் கூட்டல் குறியோடு ஒரு வரி வரும், பிடிக்காவிட்டால் கழித்தல் குறியோடு ஒரு வரி வரும். எங்கள் முழு முகவரியையும் பெயராகக் கொடுத்தபோது கூட்டல் குறி வந்தது. பிராக்ஸி வழியாகப் போனால் கழித்தல். மெல்ல மெல்லப் புரிந்தது. சர்வர் கம்பெனி சனிக்கிழமை வேறு இயந்திரத்துக்கு மாறியிருந்தது. புது இயந்திரம் பெயரை மட்டும் சொன்னால் ஏற்காது, முழு முகவரியையும் கேட்டது. எங்கள் பிராக்ஸியோ முகவரியின் பின்பாதியை, அது போக வேண்டிய இடத்தின் பெயர் என்று எண்ணி, வெட்டி எடுத்துவிட்டு மீதியைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தது. பிராக்ஸியின் கையேட்டைத் தேடிப் பிடித்து, இந்த வெட்டுகிற வேலையை நிறுத்தும் வழியைப் படித்து, புதன்கிழமை மத்தியானத்துக்கு மேல் சரி செய்தேன். பாஸ்வேர்ட் ஏற்கப்பட்டது. டைப்பிஸ்ட் அக்கா என் கன்னத்தைக் கிள்ளினாள்.

ஆனால் உள்ளே போனதும் வேறு தொல்லை. மூன்று கடிதங்கள் இறங்கின. நாலாவதில் நின்றது. சில நிமிடம் கழித்துத் தொடர்பு அறுந்தது. மறுபடி முயன்றால் அதே மூன்று கடிதங்கள் மறுபடி இறங்கின. அதற்கடுத்த தடவை, பெட்டி பூட்டியிருக்கிறது, வேறு யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அந்த வேறு யாரோ நாங்கள்தான். பாதியில் அறுந்துபோன எங்கள் பழைய அழைப்பைச் சர்வர் இன்னும் உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. அந்த மூன்று கடிதங்களும் இரண்டிரண்டு பிரதிகளாக மேனேஜர் மேஜையில் சேர்ந்தன.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு மறுபடி கறுப்புத் திரைக்குப் போனேன். பெட்டியில் என்ன இருக்கிறது என்று பட்டியல் கேட்டேன். பதினொரு வரிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணும் கடிதத்தின் அளவும் மட்டும் இருக்கும். யார் அனுப்பியது, என்ன சங்கதி என்பதெல்லாம் அதில் இருக்காது. ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். நாலாவதின் அளவு எழுபது லட்சம் பைட்டுக்கு மேல் இருந்தது. மற்றதெல்லாம் இரண்டாயிரம், மூவாயிரம். நாலாவது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. தூத்துக்குடி ஏஜென்ட் இருபது பேரின் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து அனுப்பப்போவதாக முந்தின வாரமே போனில் பெருமையாகச் சொல்லியிருந்தார். எங்கள் டெலிபோன் லைனில் அது இறங்கி முடிவதற்குள் பிராக்ஸி பொறுமை இழந்து விட்டுவிட்டுப் போய்விடும். அது அழிந்தால்தான் பின்னால் இருக்கும் ஏழும் வரும்.

முதல் மூன்றும் அச்சாகி ரிஜிஸ்டரில் ஏறிவிட்டதால் அவற்றை அழிக்கத் தடை இல்லை. அழித்தேன். நாலாவதுக்குக் கையெழுத்து வேண்டும். மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"இரு, தூத்துக்குடிக்குப் பேசிட்டுச் சொல்றேன். கூரியர்ல அனுப்பச் சொல்லிட்டு அப்புறம் அழிச்சா போச்சு. லைனைக் கொடு" என்றார்.

அவர் பேச வேண்டுமென்றால் நான் இணைப்பை விட வேண்டும். முறையாக விடைபெற்று வெளியே வந்தேன். அவர் தூத்துக்குடிக்குப் பேசி, வீட்டுக்குப் பேசி, துறைமுகத்தில் யாரிடமோ பேசி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு ரிஜிஸ்டரைத் திறந்து, நான் எழுதியிருந்த வேண்டுகோளுக்குக் கீழே பச்சை மையில் எழுதினார்: நாலாம் எண்ணை நீக்கலாம். கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார்.

நான் மறுபடி இணைப்பு வாங்கி, பெயர் சொல்லி, பாஸ்வேர்ட் சொல்லி, ரிஜிஸ்டரைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, நாலை அழி என்று தட்டினேன். கூட்டல் குறி வந்தது. விடைபெற்றேன்.

எங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்குக் குடம் போடும்போது சாக்பீஸால் குடத்தில் எண் எழுதுவோம். முன்னால் இருக்கும் குடங்கள் போனாலும் ஏழு எழுதிய குடம் ஏழுதான். சர்வர் கொடுத்த எண்ணையும் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். மேனேஜர் கையெழுத்துப் போட்ட எண் எப்படி மாறும்? ஆனால் சர்வரின் எண் குடத்தின் மேல் எழுதியது அல்ல, வரிசையில் நிற்கும் இடம். நான் ஒவ்வொரு தடவை வெளியே வந்து உள்ளே போகும்போதும் அது புதிதாக ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கும். முதல் மூன்றை நான் அழித்துவிட்டு வந்திருந்ததால், பெரிய கடிதம் முதல் இடத்துக்கு வந்திருந்தது. நாலாவது இடத்தில் நின்றது என் தாளில் ஏழு என்று இருந்த கடிதம்.

அது எனக்கு எப்போது தெரிந்தது என்றால், அடுத்த ஐந்தாவது நிமிடமே. அக்காவின் கம்ப்யூட்டரில் மெயிலை இறக்கச் சொன்னேன். இறங்காமல் பழையபடி நின்றது. மறுபடி உள்ளே போய்ப் பட்டியல் கேட்டேன். ஏழு வரிகள். எழுபது லட்சம் முதல் வரியிலேயே அலுங்காமல் உட்கார்ந்திருந்தது. தாளையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஏழாவது மட்டும் இல்லை. அழிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கட்டளை தட்டியிருந்தால் கடிதத்தின் தலைப்பு வரிகள் தெரிந்திருக்கும். இன்னொரு தடவை பட்டியல் கேட்டிருந்தாலே போதும். ரிஜிஸ்டரில் இருந்த பச்சை மையைப் பார்த்தேனே தவிரத் திரையைப் பார்க்கவில்லை.

அந்த நிமிடத்தைத்தான் நான் இன்றைக்கும் விட முடியாமல் இருக்கிறேன். எழுந்து பத்தடி நடந்து, சார், தெரியாமல் ஒரு கடிதத்தை அழித்துவிட்டேன், யார் அனுப்பியது என்று தெரியவில்லை, எல்லாக் கம்பெனிக்கும் போன் போட்டு இந்த நாலு நாளில் ஏதாவது அனுப்பினீர்களா என்று கேளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். திட்டியிருப்பார். வேலையிலிருந்து அனுப்பியும் இருப்பார். ஆனால் போன் போட்டிருப்பார்.

நான் எழுந்திருக்கவில்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் அளவுள்ள கடிதம், விளம்பரமாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் காலத்தில் பாதி மெயில் விளம்பரம்தான். எனக்கு முன்னால் இருந்தவரை நினைத்துக்கொண்டேன். இன்னொன்றும் நினைத்தேன், அதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. நான் இங்கே இல்லாவிட்டால் அண்ணன் பெயரைப் பட்டியலில் யார் நினைவு வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அவனுக்காக வாயை மூடிக்கொள்வதாகவே நம்பினேன்.

முதல் எண்ணை யாரிடமும் கேட்காமல் அழித்தேன். மீதி ஆறு கடிதங்களும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. ஐந்து மேஜையிலும் ஒரே சந்தோஷம். மேனேஜர் தன் அறையிலிருந்து வெளியே வந்து, எல்லோர் முன்னாலும், "பார்த்தீங்களா, பொண்ணு நாலு நாள் போராடிச் சாதிச்சிருச்சு" என்றார். யாரோ பஜ்ஜி வாங்கி வரச் சொன்னார்கள். நானும் தின்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் கரைக்கு வந்திருந்தான். கண்கள் உப்புக் காற்றில் சிவந்து போயிருந்தன. வழக்கமான கேள்வியைக் கேட்டான். வழக்கமான பதிலைச் சொன்னேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த ஏழாவது கடிதம் விளம்பரம்தான், விளம்பரம்தான் என்று சாமி பெயர் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை சிங்கப்பூர் கம்பெனி ஒன்றிலிருந்து மெயில் வந்தது. அதை இறக்கியது நான்தான். மூன்று மாலுமிகளின் பெயரைக் குறிப்பிட்டு, வெள்ளி மாலைக்குள் சம்மதம் சொல்லுங்கள் என்று புதன்கிழமை எழுதியிருந்தோம், உங்களிடமிருந்து பதில் இல்லை, அதனால் மும்பை ஏஜென்சியிலிருந்து மூன்று பேரை எடுத்துக்கொண்டோம், வருந்துகிறோம் என்று நாலே வரி. அதற்குக் கீழே பழைய கடிதத்தை அப்படியே ஒட்டியிருந்தார்கள். மூன்று பெயர்களில் இரண்டாவது என் அண்ணன் பெயர்.

பழைய கடிதம் அனுப்பப்பட்ட நேரத்தை நம் ஊர் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தேன். புதன் மாலை ஐந்து மணி. வியாழக்கிழமை அச்சடித்த கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். என் தாளில் ஆறாவதாக இருந்தது புதன் மாலை நாலு மணிக்கு வந்திருந்தது. எட்டாவது ஐந்தே முக்காலுக்கு வந்திருந்தது. நடுவில் வேறு எதற்கும் இடம் இல்லை. அச்சடித்தேன். ரிஜிஸ்டரில் எண் போட்டு எழுதினேன். மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. அதனால் சத்தம் வராமல் அழ வேண்டியிருந்தது.

மேனேஜர் படித்துவிட்டு ரிஜிஸ்டரைப் புரட்டினார். புதன்கிழமை தேதியில் அப்படி ஒரு கடிதம் இல்லை. எங்களுக்கு வரவே இல்லை என்று பதில் எழுதச் சொன்னார். என்னைத்தான் எழுதச் சொன்னார். எழுதினேன். அந்தக் கம்பெனி பதில் போடவில்லை. ஆவணிக்குள் வேறு எந்தக் கம்பெனியும் புது ஆள் கேட்கவில்லை.

விஷயம் வெளியே போக இரண்டு நாள்கூட ஆகவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் அலுவலகத்தை மூடும் நேரத்தில் மாடிப்படியில் சத்தம் கேட்டது. பட்டியலில் இருந்த மற்ற இரண்டு பேரும் ஆட்களோடு வந்திருந்தார்கள். ஒருவர் காசிமேட்டுக்காரர், இன்னொருவர் எண்ணூர்ப் பக்கம். மேனேஜர் எங்கள் இடத்தை மும்பைக்காரனுக்கு விற்றுவிட்டார் என்று கத்தினார்கள். மேனேஜர் அறைக்குள்ளேயே இருந்துகொண்டார். அண்ணனும் அவர்களோடுதான் வந்திருந்தான். ஆனால் அவன் படியின் நடுவில், எங்கள் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர்களைப் பார்த்து நின்றான்.

"இத்த கேளு மாமு. எனக்கும்தான் போச்சு. உன்ன வுட எனக்குத்தான் வயசு முடியுது. ஆனா வித்துட்டாங்கோ, மறச்சிட்டாங்கோன்னு சொல்லாத. என் தங்கச்சி உள்ள கீது. மெயிலு தொறக்கறதே அதுதான். எனக்கு ஒண்ணு வந்து, அது கண்ணுல படாம பூடுமா? வரவே இல்லப்பா. அவன் அனுப்பலை. அனுப்பிட்டேன்னு இப்ப சொம்மா கத வுட்றான்."

காசிமேட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"நீ சொல்லும்மா. உங்கண்ணன் சொல்றது நெசமா?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள். எண்ணூர்க்காரர் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். அவரை இரண்டு பேர் எழுப்பிக் கூட்டிப் போனார்கள்.

நானும் அண்ணனும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினோம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக மறித்து நின்றதால் பஸ் நகரவில்லை. எனக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது, அவன் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சொல்லிவிட வேண்டும் என்று அந்தப் பஸ்ஸில் எத்தனை தடவை வாயெடுத்தேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்தில் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டேன். அவனே குனிந்து கேட்டான்.

"பாப்பா, ஒண்ணு கேக்கறேன். அந்த மெயிலு வரவே இல்லதானே?"

அவன் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் ஒருவேளை உண்மை வெளியே வந்திருக்கும். ஒரு பிடிமானத்துக்காகக் கேட்டான்.

"வர்லண்ணா" என்றேன்.

"அப்ப வுடு" என்றான். நிமிர்ந்து வெளியே நின்ற லாரிகளைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "வராததுக்கு நாம இன்னா பண்ண முடியும்? வந்து தவறிப்போச்சுன்னாதான் பேஜாரு. அப்பிடின்னா என்னால தாங்கிகினு இருக்க முடியாது."

அதற்குப் பிறகு நான் எப்படிச் சொல்வேன்? மறுநாள் விடியுமுன் எழுந்து அவன் படகுக்குப் போனான். ஆவணி வந்தது, போயிற்று. அவன் அதன் பிறகு சி.டி.சி. புத்தகத்தை எடுத்துத் தா என்று அம்மாவைக் கேட்டதே இல்லை. படகு, பிறகு எண்ணூர் அனல் மின் நிலையத்தில் சாம்பல் குழாய்க்குக் காவல், பிறகு மணலியில் டேங்கர் லாரிக்குக் கிளீனர் என்று எது கிடைத்ததோ அதைச் செய்தான். எங்கேயும் யாரையும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டில் பேச்சு வந்தால், நம்மளுக்கு வரல, அவ்ளோதான் என்று முடித்துவிடுவான். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.